கச்சான் காற்று கொடுத்ததைக் கழித்த பிறகு

ஆடி பிறந்தால் இலங்கை மலையகத்தில் ஊவாப் பக்கம் கச்சான் வீசத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை முகட்டைத் தாண்டும்போது வறண்ட காற்றாகத்தான் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் வந்து சேரும். அந்தக் காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் ஏறும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மவுசு.

நான் ஒரு தோட்டக் கம்பனியின் மேம்பாட்டு அணியில் சில ஆண்டுகள் வேலை செய்தவன். முதல் வருடம் மார்ச் மாதம் ஊவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலையைத் தொடங்கினோம். கொழுந்து வாட்டும் முறையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினோம். ஓகஸ்டில் ஏல விலை நன்றாக ஏறியது. செப்டெம்பரில் எங்கள் அறிக்கையில், வாட்டும் முறையைத் திருத்தியதால் விலை கூடியது என்று பெருமையோடு எழுதினோம். கணக்காளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போன ஓகஸ்ட்ல என்ன விலை?”

பழைய ஏலத் தாள்களை எடுத்துப் பார்த்தோம். போன வருடமும் ஏறக்குறைய இதே ஏற்றம்தான். நாங்கள் எழுதிய பெருமையில் பெரும்பகுதி கச்சான் காற்றுக்குச் சேர வேண்டியது.

ஒரு நிறுவனத்தில் மேம்பாட்டு அணி ஒன்று இருப்பதால் என்ன பயன், அந்தப் பயனை எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வேன். பயன் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதைக் காட்டும் வழி கழித்தலில் தொடங்குகிறது. காற்று கொடுத்தது, மழை கெடுத்தது, ரூபாய் விழுந்ததால் வந்தது எல்லாவற்றையும் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அணியின் பெறுமதி.

இப்படிப்பட்ட அணி என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் கைசன் டீம் (கைசன் என்றால் ஜப்பானிய மொழியில் மேம்பாடு) என்பார்கள், சில இடங்களில் உற்பத்தித்திறன் பிரிவு. மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்கள் கொழுந்து பறிப்பதில்லை, தேயிலை செய்வதில்லை, விற்பதுமில்லை. மற்றவர்கள் செய்யும் வேலையில் எங்கே நேரம் வீணாகிறது, எங்கே சாமான் வீணாகிறது, எங்கே ஒரே பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பார்த்து, அந்த வேலையைச் செய்பவர்களோடு உட்கார்ந்து மாற்று வழி தேடுவார்கள். எங்கள் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. வேலை சரியாக நடந்தால் மின்சாரச் செலவு தொழிற்சாலைக் கணக்கில் குறையும், நல்ல விலை தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் பெயரில் வரும், கொழுந்தின் தரம் வெளிக்கள உத்தியோகத்தரின் பெயரில் ஏறும். மேம்பாட்டு அணியின் கணக்கில் இருப்பதெல்லாம் சம்பளமும் ஜீப்புக்கு அடித்த டீசலும்தான். வரவு செலவுத் திட்டம் போடும் மாதத்தில் “இவங்க எதுக்கு?” என்ற கேள்வி வருவதில் வியப்பில்லை.

இந்த முறை ஜப்பானில் வேர்பிடித்தது. 1950இல் அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் டெமிங் அங்கே போய்ப் புள்ளிவிவரத் தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரை நிகழ்த்தினார். மறு ஆண்டே அவர் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தினார்கள். 1962இல் தொழிலாளர்களே கூடிப் பேசும் தர வட்டங்கள் பதிவாகத் தொடங்கின. இலங்கையில் இதற்கு நல்ல உதாரணம் ஆஸ்பத்திரி ஒன்றுதான். கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை 2000ஆம் ஆண்டு, வேண்டாததை நீக்கி, மிச்சத்தை அடுக்கி, சுத்தமாக வைத்து, அதைப் பழக்கமாக்கும் 5எஸ் முறையைக் கையில் எடுத்தது. பெரிய பணம் எதுவும் கொட்டவில்லை. ஒழுங்குபடுத்துவதில் தொடங்கி, வேலை செய்பவர்களின் யோசனைகளைக் கேட்டுத் தரத்தை உயர்த்தினார்கள். பிற்பாடு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் அந்த அனுபவத்தை ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனது. நம் நாட்டு அரச ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மற்ற நாடுகள் கற்றுக்கொண்டிருக்கின்றன. இது நமக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சரி, கழித்தல் கணக்குக்கு வருவோம். தேயிலையில் இது மற்றத் தொழில்களைவிடக் கடினம்.

முதலாவது மழை. பச்சைக் கொழுந்து ஏறக்குறைய நாலரைக் கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. நூற்றுக் கணக்கில் சொன்னால் 21, 22 வீதம். ஒரு பேச்சுக்கு, ஒரு நாளைக்கு 10,000 கிலோ கொழுந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளைவு 21.5 வீதம் என்றால் 2,150 கிலோ தேயிலை. அரை வீதம் கூடினால் நாளொன்றுக்கு 50 கிலோ அதிகம். இது கண்ணைப் பறிக்கும் எண். ஆனால் அடைமழைக் காலத்துக் கொழுந்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும், வெயில் காலத்தில் வராது. தென்மேற்கு மழை கொட்டும் டிக்கோயாவில் யூன் மாதம் ஒரு திட்டத்தைத் தொடங்கி, அடுத்த பெப்ரவரியில் விளைவு கூடிவிட்டது என்று காட்டினால், காட்டப்படுவது மழை ஓய்ந்த கதைதான். அதே மாதத்தை அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். முடிந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நாம் கைவைக்காத இன்னொரு தொழிற்சாலையின் எண்ணையும் அருகில் வைக்க வேண்டும்.

இரண்டாவது ரூபாய். 2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனது. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை, ரூபாயில் பார்த்தால், முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த ஆண்டில் எந்த மேம்பாட்டு அணியும், எந்த முகாமையாளரும், “நாங்கள் வந்த பிறகு விலை இரட்டிப்பு” என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கலாம். அதே ஆண்டில் முந்தைய வருடத்து இரசாயன உரத் தடையின் அடியால் கொழுந்து குறைந்திருந்தது. அதையும் அந்த அணியின் தலையில் கட்டியிருக்கலாம். இரண்டும் நியாயமில்லை. விலையை மட்டும் பார்க்காமல், அதே வாரத்து ஏலத்தில் உயர்நிலத் தேயிலையின் சராசரிக்கும் நம் தொழிற்சாலையின் பெயரில் (மார்க்கில்) விற்கும் தேயிலையின் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதுதான் வழி. சராசரி ஏறும்போது நாம் அதற்கு மேல் எவ்வளவு ஏறினோம், இறங்கும்போது எவ்வளவு குறைவாக இறங்கினோம் என்பதில் காற்றும் டொலரும் பெரும்பாலும் கழிந்துவிடும், ஏனென்றால் அவை எல்லாருக்கும் பொதுவானவை.

மூன்றாவது, எனக்கு மிகவும் வலித்த ஒன்று, மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகளில் நீளமான வாட்டும் தொட்டிகள் இருக்கும். கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றை அனுப்புவார்கள். கொழுந்து வரும்போது அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அரைப்பதற்குப் போகும்போது அது 55 வீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இரவு முழுவதும் விசிறிகள் ஓடும். வழக்கமாக, தொடங்கிய வேகத்திலேயே விடியும்வரை ஓடும்.

இலையின் மேற்பரப்பு ஈரம் போகும்வரைதான் பலமான காற்று வேண்டும். அதன் பிறகு உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியே வரும், காற்றை எவ்வளவு தள்ளினாலும் அது அவசரப்படாது. அந்த நேரத்தில் விசிறியின் வேகத்தைக் குறைக்கலாம். விசிறிக்கு ஒரு குணம் உண்டு. வேகத்தை 80 வீதமாக்கினால், அது இழுக்கும் மின்சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு காற்றை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் பாதி மிச்சம். வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்துவது இதற்காகத்தான்.

எந்த நேரத்தில் குறைப்பது என்பதுதான் கேள்வி. நாங்கள் காற்றின் ஈரத்தை அளக்க ஈர, உலர் வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, மணிக்கொருமுறை வாசிப்பு எடுத்து, வரைபடம் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது இரவு, அங்கே இருபது வருடங்களுக்கு மேல் இராவேலை பார்த்த ஒருவர், தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்தார். உருண்டையாக அழுத்தினார். கையை விரித்தார். உருண்டை மெதுவாகத் தளர்ந்தது, ஆனால் முழுதாகப் பிரியவில்லை. காம்பை மடக்கினார், ஒடியவில்லை.

“இதுக்கு மேல காத்து தேவையில்ல தம்பி. இப்ப இருந்து அது தானா வாடும். நாலாம் நம்பர் தொட்டியில மட்டும் ஓட விடுங்க, அங்க அடி மூலையில காத்தே ஏறுறதில்ல, எப்பவும் பச்சையாத்தான் கிடக்கும்.”

நாலாம் தொட்டியின் மூலையில் கைவைத்துப் பார்த்தோம். குளிர்ந்து, அப்போதுதான் பறித்த மாதிரி விறைப்பாகக் கிடந்தது கொழுந்து. அடியில் காற்றுப் பாதையில் ஒரு பலகை கழன்று விழுந்திருந்தது. எத்தனை வருடமாகவோ தெரியாது. அந்த மூலைக்காகத்தான் மற்ற எல்லாத் தொட்டிகளும் தேவைக்கு மேல் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடிக்கொண்டிருந்தன. இதை முன்பே சொல்லவில்லையா என்று கேட்டேன். “யாருகிட்ட சொல்றது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாததால் கேட்டார்.

பலகையை ஆணியடித்துச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போனது. வேகத்தைக் குறைக்கும் நேரத்தை அவருடைய கைப்பிடியையும் எங்கள் வெப்பமானியையும் சேர்த்துத் தீர்மானித்தோம்.

மிச்சத்தை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். விசிறி ஒன்று 5 கிலோவாட், பத்துத் தொட்டிகள், இரவில் ஆறு மணித்தியாலம் பாதி மின்சாரம் மிச்சம். ஓர் இரவுக்கு 150 யூனிற். மாதத்தில் 25 இரவு என்றால் 3,750 யூனிற். இது நிஜமான மிச்சம், மீற்றரில் தெரியும். ஆனால் 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம். யூனிற்றைக் குறைத்த தொழிற்சாலைகளுக்கும் முன்பைவிடப் பெரிய சிட்டைதான் வந்தது. ரூபாயைப் பார்த்தால் அணி தோற்றுவிட்டது போலத் தெரியும். ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை யூனிற் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். காசு பிறகு வரட்டும், முதலில் யூனிற், கிலோ, மணித்தியாலம், விறகு இவற்றில் அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். விலை என்பது கொழும்பிலும் உலகச் சந்தையிலும் தீர்மானமாவது. யூனிற் நம் கையில் இருப்பது.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். வேலையைத் தொடங்கும் முன் எண்களைக் குறித்து வைக்கவில்லை என்றால், பிறகு எந்தச் சாமர்த்தியமும் உதவாது. ‘முன்பு எவ்வளவு’ என்பது இல்லாத அறிக்கையைக் கணக்காளர் நம்பக் கூடாது, நானும் நம்பமாட்டேன். அதைக் குறித்த அன்றே கணக்காளரிடம் காட்டி, “இதிலிருந்துதான் அளக்கப்போகிறோம், ஒப்புக்கொள்கிறீர்களா” என்று கேட்டுக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து நாங்கள் அப்படித்தான் செய்தோம். மிச்சத்தை அவரே கணக்கிட்டார். எங்கள் சம்பளத்தையும் ஜீப்பையும் பயிற்சிச் செலவையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார். எண் சின்னதானது. ஆனால் கூட்டத்தில் அதை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை.

எல்லாப் பயனும் ஒரே ரகம் கிடையாது என்பதையும் அவரிடமிருந்துதான் கற்றேன். கையில் வந்த காசு ஒன்று, குறைந்த விறகு, குறைந்த யூனிற் மாதிரி. மிச்சமான நேரம் இன்னொன்று. சல்லடை அறையில் இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்ய முடிகிறது என்றால், இரண்டாமவர் வேறு பயனுள்ள வேலைக்குப் போனால்தான் அது மிச்சம், சும்மா நின்றால் தாளில் மட்டும்தான் மிச்சம். மூன்றாவது, நடக்காமல் போன சேதம். உலர்த்தியின் தாங்கி (பெயாரிங்) உடையும் முன்பே மாற்றியதால் ஒரு நாள் கொழுந்து கெடாமல் தப்பியது என்று எப்படி நிரூபிப்பது? உடைந்திருந்தால்தானே தெரியும்! இந்த வகையைக் காசாக்கிக் காட்ட முயன்றால் கற்பனை கலந்துவிடும். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை முறை உடைந்தது, மாற்றிய பிறகு எத்தனை முறை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மை. மூன்றையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகச் சொல்லும் அணி, ஒருநாள் அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கும்.

எத்தனை பயிற்சி வகுப்பு, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ‘முன் – பின்’ படங்கள் என்று அடுக்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆடிட்டுக்கு முதல் நாள் தரையில் மஞ்சள் கோடு போடுவது வேலை நடந்ததற்கு ஆதாரமாகாது. ஆறு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும், கோடும் பழக்கமும் இன்னும் இருக்கிறதா என்று.

இனி மலையகத்துக்கே உரிய ஒரு சங்கதி. வேறு இடத்தில் மேம்பாடு என்றால் நல்ல சொல். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் முகங்கள் இறுகும். காரணம் இருக்கிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது, பல தோட்டங்களில் ஒரு பேர் (ஒரு முழுநாள் சம்பளம்) போடுவதற்குப் பறிக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். வேலைநிறுத்தம் வரை போனது. அந்த ஜனத்திடம் கையில் கடிகாரத்தோடு போய், “நேரத்தை மிச்சப்படுத்த வந்திருக்கிறோம்” என்றால், அவர்கள் என்ன நினைப்பார்கள்? நேரம் மிச்சமானால் நாளைக்கு இன்னும் இரண்டு கிலோ கேட்பார்கள் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. நூற்றைம்பது வருடமாகத் துரை சொன்னதைக் கணக்கப்பிள்ளை கேட்டு, கணக்கப்பிள்ளை சொன்னதைக் கங்காணி கேட்டு, கங்காணி சொன்னதை மற்றவர்கள் கேட்டுப் பழகிய இடம் இது. கீழிருந்து மேலே ஒரு பேச்சு போவதற்குப் பாதையே போடப்படவில்லை. “யாருகிட்ட சொல்றது?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே நாங்கள் எந்தத் தோட்டத்தில் காலடி வைத்தாலும் முதலில் முகாமையாளரிடமிருந்து ஒரு வாக்கு வாங்கினோம், இந்த வேலையின் முடிவை வைத்துப் பேர் கிலோவைக் கூட்டுவதில்லை என்று. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னிலையில் அவர் அதைச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் சொல்ல மறுத்தார். அங்கே வேலை செய்யாமல் திரும்பினோம். அந்த வருட அறிக்கையில் ஒரு தொழிற்சாலை குறைந்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைசியாகக் கொழுந்து மடுவம், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. மாலை நிறுவைக்குப் பெண்கள் முதுகில் பாரத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஒரே தராசு, ஒரே புத்தகம். மழையென்றாலும் நிற்க வேண்டும். லொறி வரப் பிந்தினால் நிறுத்துச் சாக்கில் கட்டிய கொழுந்து அங்கேயே குவிந்து கிடக்கும். அழுத்தத்தில் அது சூடேறி, சிவந்து, தொழிற்சாலைக்கு வரும்போதே பாதி கெட்டிருக்கும். ஒரு தோட்டத்தில் இரண்டாவது தராசு வைத்து, லொறி வரும் நேரத்தை நிறுவை நேரத்தோடு பொருத்தினோம். “அடுக்கி வச்சா கொழுந்து வெந்துரும்னு நாங்க எத்தன தடவ சொன்னோம்” என்று ஒரு அக்கா சொன்னார். சிவந்த கொழுந்து குறைந்ததைத் தொழிற்சாலையில் எண்ணிக் காட்ட முடிந்தது. அதற்கு ரூபாய் போட்டார் கணக்காளர்.

இன்னொரு வரியும் அறிக்கையில் எழுதினேன். மாலை நிறுவைக்குப் பெண்கள் காத்துநிற்கும் நேரம், முன்பு அரை மணித்தியாலத்துக்கு மேல், இப்போது பத்து நிமிடம். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) காத்திருக்கும் பிள்ளையை அம்மா இருட்டுமுன் தூக்கிப் போகிறாள். கூட்டத்தில் ஒருவர் அந்த வரிக்கு எதிரே ஏன் ரூபாய் இல்லை என்று கேட்டார். கணக்காளர் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

“அது கம்பனியோட நேரம் இல்ல சேர், அவங்களோட நேரம். நம்ம கணக்குல அத எழுத இடமில்ல. ஆனா அறிக்கையில இருக்கட்டும்.”

அந்த வரி ரூபாய் இல்லாமலேயே அச்சானது. அடுத்த வருடம் வேறு மூன்று தோட்டங்களிலிருந்து, தங்கள் மடுவத்துக்கும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மூன்றிலும் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டியிருந்தார்கள்.